இடைச்சுவருக்கு இந்தப் பக்கம்

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அண்டை வீட்டாரைப் பற்றியவை. தேயிலைத் தோட்டத்து லயமாக (தொழிலாளர்களின் வரிசை வீடுகளாக) இருந்தாலும் அக்கிரகாரத் தெருவாக இருந்தாலும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்கிறவர்களின் மனக்குறை ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், அவற்றை ஒரே இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: போடியிலிருந்து கல்யாணமாகி, மூணாறுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்திருக்கிறேன். எட்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இடைச்சுவர் கூரை வரை எழவில்லை. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கிறது. இரவில் நானும் என் கணவரும் பேசுவது பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்கிறது. மறுநாள் கொழுந்தெடுக்கும் இடத்தில் அது நாலு பேர் வாயில் வந்துவிடுகிறது. நாத்தனாருக்கு நகை போடுவது பற்றி நாங்கள் பேசியது மாமியார் காதுக்கு வேறு மாதிரியாகப் போய்ச் சேர்ந்து, வீட்டில் பெரிய சண்டை. அக்கா கெட்டவர் இல்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவரும் அவர்தான். அவரிடம் எப்படிச் சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேவிகுளம் தாலுகா

பதில்: உங்கள் கடிதத்தில் சுவரும் வாயும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் வழி தெரியும். சுவர் அப்படி இருப்பதற்கு நீங்களும் பொறுப்பில்லை, அந்த அக்காவும் பொறுப்பில்லை. மலையில் காடு அழித்துத் தேயிலை வைத்த காலத்தில், சமவெளியிலிருந்து ஏறி வந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், விடிந்ததும் வேலைக்குப் போக வேண்டியவர்கள் இரவில் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும் என்பதற்கு மேல் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அங்கே கணவனும் மனைவியும் தனியாகப் பேசுவார்கள், வயதுவந்த பெண் உடை மாற்றுவாள், பிள்ளை பரீட்சைக்குப் படிக்கும் என்பதெல்லாம் அந்தக் கட்டடத்தின் கணக்கில் இல்லை. அந்தக் குறையை எட்டு வீட்டுப் பெண்களும் தங்கள் குணத்தின் குறையாக எண்ணி ஒருவரையொருவர் நொந்துகொள்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆகவே முதலில் சுவருக்கு வருவோம். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தருவதையும் அதைப் பராமரிப்பதையும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் கடமையாக வைத்தது. அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் வீட்டு வசதியை, குடிநீர், சமையலறை, கழிப்பறை ஆகியவற்றோடு சேர்த்து, நிர்வாகத்தின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. இடைச்சுவரை உயர்த்தித் தரும்படி கேட்பது நீங்கள் யாரிடமும் கேட்கும் சலுகை ஆகாது. ஆனால் நீங்கள் ஒருவர் மட்டும் எழுதிக் கொடுத்தால் அந்தத் தாள் எங்கேயாவது கிடக்கும். எட்டு வீட்டாரும் கையெழுத்திட்டு எஸ்டேட் ஆபீசில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த நகலை வைத்துத் தொழிலாளர் துறையின் ஆய்வாளரிடம் போகலாம். முதல் கையெழுத்தை அந்த அக்காவிடமே கேளுங்கள். அவருடைய இரவுப் பேச்சும் உங்கள் வீட்டுக்குக் கேட்கத்தானே செய்கிறது?

நிர்வாகம் செய்து தரும் வரை காத்திருக்க முடியாது என்றால், அனுமதி பெற்று நீங்களே கொஞ்சம் செய்துகொள்ளலாம். பலரும் சுவரோரமாகச் சேலையையோ கம்பளியையோ தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். துணி அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்குமே தவிர, பேச்சு அடுத்த வீட்டுக்குப் போவதைத் தடுக்காது. ஒலி முதலில் தேடுவது இடைவெளியைத்தான். சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் மேலே ஒரு முழம் திறந்திருந்தால் அந்தக் கனத்தால் பயன் இல்லை. படுக்கும் அறைக்கு மேலே உள்ள திறப்பைக் கனமான பிளைவுட்டாலோ சிமெண்டுப் பலகையாலோ அடைத்து, விளிம்புகளில் வெளிச்சம் தெரியாதபடி பூசிவிடுங்கள். துணி அடுக்கிய அலமாரியை இடைச்சுவரை ஒட்டி வைத்து, கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றினால் இன்னும் கொஞ்சம் குறையும். அடுக்களைக்கு மேலே உள்ள திறப்பை மட்டும் தொடாதீர்கள். விறகு எரிக்கும் வீட்டில் புகை அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. புகைபோக்கி வைக்காமல் அதை மூடினால் நெஞ்சு நோவில் கொண்டுபோய் விடும். கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதில் துளை போடவும் வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

இனி வாய். அக்காவிடம் பேசத்தான் வேண்டும். ஆனால் குழாயடியிலும் கொழுந்து எடை போடும் இடத்திலும் வேண்டாம். நாலு பேர் முன்னால் சொன்னால் அவர் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளவே பேசுவார். நீங்கள் சொல்வது காதில் ஏறாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, "அக்கா, நம்ம சுவரு இப்படி இருக்கிறதால நான் பேசுறது உங்களுக்குக் கேக்கும், நீங்க பேசுறது எனக்குக் கேக்கும். நகை விஷயம் வெளியே போனதுல அத்தை முன்னால என்னால நிமிர்ந்து நிக்க முடியல. உங்க வீட்டுப் பேச்சு என் வாயில இருந்து வராது. எங்க வீட்டுப் பேச்சும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். "நீங்கள்தான் சொன்னீர்கள்" என்று விரல் நீட்டாதீர்கள். யார் சொன்னது என்று துருவப் போனால், பேச்சு நகையை விட்டு அந்த விசாரணையிலேயே நின்றுவிடும்.

லயத்தில் நெடுங்காலம் வாழ்ந்த மூத்த பெண்களிடம் ஒரு நல்ல பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் இரவு சண்டை நடந்திருக்கும். மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பெண் கண் வீங்கி வெளியே வருவாள். அவர்கள் ஒன்றும் கேட்க மாட்டார்கள். "கட்டன் சாயா போட்டிருக்கேன், குடிச்சிட்டுப் போ" என்பார்கள். அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் வேலைக்குக் கிளம்புவார்கள். காதில் விழுவதைத் தடுக்க முடியாத இடத்தில், காதில் விழுந்ததைக் கேட்காததுபோல் வைத்துக்கொள்வதுதான் அடுத்தவருக்கு நாம் கட்டிக் கொடுக்கும் சுவர். உங்கள் அக்காவும் அந்தப் பழக்கத்தை அறியாதவராக இருக்க மாட்டார். கொழுந்தெடுக்கும் நேரத்துச் சலிப்பில் அதைத் தவற விட்டிருப்பார்.

நீங்களும் சிலவற்றைப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும். பணம், நகை, மாமியார் ஆகிய மூன்றையும் பற்றிய பேச்சை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாமல், மாலையில் இருவரும் ரோட்டோரமாகக் கொஞ்சம் நடந்து பேசிவிட்டு வாருங்கள். ஆனி, ஆடி மாதங்களில் தகரக் கூரையில் மழை அறையும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே காதருகில் குனிய வேண்டியிருக்கும். மனம் விட்டுப் பேச அதைவிடப் பாதுகாப்பான நேரம் லயத்தில் இல்லை.

பேச்சை நிறுத்திக்கொள்வது, கோலத்தைக் குறுக்கி வாசலைப் பிரிப்பது போன்றவற்றுக்கு மட்டும் போகாதீர்கள். 2015 செப்டம்பரில் மூணாற்றில், குறைக்கப்பட்ட போனசை 20 சதவீதமாகத் தர வேண்டும் என்றும் கூலியை உயர்த்த வேண்டும் என்றும் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டுப் பெண்களே வீதியில் அமர்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயர் கேரளம் முழுவதும் பேசப்பட்டது. அத்தனை பெண்கள் ஒன்றாக எழுந்து வந்ததற்கு, ஒருத்தி வீட்டு அடுப்பு எரிகிறதா இல்லையா என்பது அடுத்தவளுக்குத் தெரிந்திருந்ததும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன். கஞ்சி கொண்டுவந்த கையை இழந்துவிடாதீர்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் திருட்டுப் பயம் என்று சொல்லி மாடியில் கேமரா வைத்திருக்கிறார். எங்கள் கிணற்றடியும் துணி காயப் போடும் இடமும் அதில் விழுகின்றன. கேட்டால், "என் வீடு, என் கேமரா" என்கிறார்.
– வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: கேமரா அவருடையதுதான், அதில் பதியும் உங்கள் கிணற்றடி அவருடையது இல்லை. அவருடைய கைப்பேசியில் படம் எப்படித் தெரிகிறது என்பதை உங்களுக்குக் காட்டும்படி முதலில் கேளுங்கள். சில சமயம் நாம் பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றும் விழுந்திருக்காது. விழுந்தால், கேமராவைக் கொஞ்சம் கீழே திருப்பி அவருடைய கேட்டை மட்டும் பார்க்கும்படி வைக்கலாம். இப்போது வரும் பல கேமராக்களில், படத்தில் ஒரு பகுதியை மட்டும் கறுப்பாக மறைத்துவிடும் வசதி உண்டு. பொருத்திய ஆளே கொஞ்ச நேரத்தில் செய்து தருவார். திருடன் வருவது கேட் வழியாகத்தானே தவிர உங்கள் கிணற்றடி வழியாக இல்லை என்பதை அவர் வீட்டுப் பெண்களிடம் உங்கள் வீட்டுப் பெண்கள் சொன்னால் விரைவில் பலிக்கும்.

குளிக்கும் இடமோ கழிப்பறையோ அதில் பதிகிறது என்றால் தயங்காதீர்கள். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பியிருக்கும் இடத்தில் ஒரு பெண்ணின் அந்தரங்கச் செயலைப் பார்ப்பதும் படம் பிடிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. நேராகக் காவல் நிலையத்துக்குப் போகலாம்.

கேள்வி: நாங்கள் அக்கிரகாரத்தில் நான்கு தலைமுறையாக இருக்கிறோம். பக்கத்து வீட்டை வாங்கியவர் மாடி எழுப்பி, எங்கள் முற்றத்தை நேராகப் பார்க்கும்படி ஒரு பெரிய ஜன்னல் வைத்திருக்கிறார். என் மனைவி முற்றத்தில் உட்கார்ந்து தலை ஆற்றுவதையே விட்டுவிட்டாள். வழக்குப் போடலாமா?
– வாசகர், பாலக்காடு

பதில்: அக்கிரகாரத்து வீடுகள் இரண்டு பக்கமும் பொதுச் சுவராலேயே நிற்பவை. பக்கவாட்டில் ஜன்னல் இல்லாமல், காற்றும் வெளிச்சமும் முற்றத்தின் வழியாகவே இறங்கும்படி அவற்றைக் கட்டினார்கள். திண்ணை தெருவுக்குச் சொந்தம். ரேழியை, அதாவது வாசலை அடுத்த நடையை, தாண்டினால் உறவுக்காரர்கள். முற்றமும் அதற்கு அப்பால் உள்ள கட்டுகளும் வீட்டாருக்கு மட்டும் என்று அந்த அமைப்பே படிப்படியாகப் பிரித்துவிடும். கல்பாத்தியில் ஐப்பசித் தேரின்போது தெருவே வீட்டுக்குள் வந்து போனாலும் யாருக்கும் தங்கள் வீடு பறிபோனதாகத் தோன்றாததற்கு இந்த அமைப்பே காரணம். மேலிருந்து பார்க்கும் ஒரு ஜன்னல் இவை எல்லாவற்றையும் ஒரே அடியில் குலைத்துவிடுகிறது. உங்கள் மனைவி முற்றத்தை விட்டு உள்ளே போனது சிறிய விஷயம் இல்லை. வீட்டில் அவருக்கென்று இருந்த வானம் பறிபோயிருக்கிறது.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருப்பதால் உள்ளதைச் சொல்கிறேன். அந்தரங்க உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவுக்குள் அடங்கிய அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஜன்னலை அடைத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அடிப்படை உரிமைகளை முதன்மையாக அரசுக்கு எதிராகவே கோர முடியும் என்பதால் அது அவ்வளவு எளிதில்லை. உங்களுக்கு நெருக்கமான சட்டம் 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம்; அடுத்தவர் மனை தொடர்பாக ஒரு மனைக்காரருக்கு உள்ள உரிமைகளைப் பற்றியது அது. வழக்காற்றால் கிடைக்கும் வசதியுரிமைகளைப் பற்றிய அதன் 18ஆவது பிரிவு, ஓர் ஊரில் அண்டை வீட்டாரின் அந்தரங்கத்தைக் கெடுக்கும்படி புதிய ஜன்னல் திறக்கக் கூடாது என்ற வழக்கம் இருந்தால், அது சட்டப்படி செல்லும் உரிமையாகும் என்பதை உதாரணமாகவே எடுத்துக் காட்டுகிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் உங்கள் தெருவில் நெடுங்காலமாக உண்டு என்பதை நீங்கள்தான் சாட்சியோடு நிலைநாட்ட வேண்டும். வழக்கம் இல்லாத இடத்தில், தன் மனையில் ஜன்னல் வைப்பவரைப் பொதுவாகச் சட்டம் தடுப்பதில்லை. உரிமையியல் வழக்கு வருடக்கணக்கில் நீளும்; அத்தனை வருடமும் ஜன்னல் திறந்தே இருக்கும்.

அதனால் வேறு வழியில் தொடங்குங்கள். மாடிக்கு நகராட்சி கொடுத்த அனுமதி வரைபடத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்குங்கள். அதில் அந்த ஜன்னல் இல்லாவிட்டாலோ, எல்லையிலிருந்து விட வேண்டிய இடம் விடாமல் கட்டியிருந்தாலோ, நகராட்சியே நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும். அந்தத் தாள் கைக்கு வரும் முன்பே அவரைப் போய்ப் பாருங்கள். புதிதாக வந்தவருக்கு முற்றம் என்பது உங்கள் வீட்டின் நடு அறை என்பதே தெரியாமல் இருக்கலாம். மேலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் திறந்தவெளியாகத்தான் தெரியும். ஒரு நாள் அவரைக் குடும்பத்தோடு காப்பிக்கு அழைத்து, முற்றத்தின் ஓரத்தில் பாய் விரித்து உட்கார வையுங்கள். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் அவருக்கே புரியும்.

காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்பார். அது நியாயமான தேவை. ஆள் நின்றால் கண் எட்டும் உயரம் வரை ஒளி ஊடுருவும் மங்கலான கண்ணாடியைப் பதித்து, அதற்கு மேலே மட்டும் திறக்கும்படி செய்தால் இரண்டும் கிடைக்கும். சாய்வான மரப்பலகைகளை வெளிப்புறமாகப் பொருத்தினால் வானம் தெரியும், முற்றம் தெரியாது. செலவில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லுங்கள் என்று நான் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். ஆனால் வழக்கறிஞருக்குக் கொடுப்பதைவிட அது குறைவாகவே இருக்கும். உங்கள் மனைவி இந்த மாதமே முற்றத்துக்குத் திரும்பலாம். பேசிப் பார்த்தும் பலிக்காவிட்டால், தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால் கட்டணமின்றி இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள்.

கேள்வி: எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தோட்டத்தில் ஓய்வு பெற்று மகன் வீட்டில், அதே லயத்தில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் அந்தப் பையன் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது கேட்கிறது. அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாது என்று மகன் சொல்கிறான். மனசு கேட்கவில்லை.
– வாசகி, வண்டிப்பெரியாறு

பதில்: அம்மா, உங்கள் மனம் சொல்வதே சரி. காதில் விழுந்ததை வெளியே சொல்லாதிருப்பதை மேலே ஒரு பெண்ணுக்கு எழுதிய பதிலில் உயர்வாகச் சொல்லியிருக்கிறேன். அது ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பதற்காக. இங்கே அதே மௌனம் அடிக்கிறவனைத்தான் காக்கிறது. அவள் வாயைப் பொத்திக்கொள்வது உங்கள் எல்லோருக்கும் கேட்கும் என்ற கூச்சத்தால்தான். கேட்டும் யாரும் வரவில்லை என்பதையும் அவள் தெரிந்துதான் வைத்திருக்கிறாள். ஊர் அறிந்தும் ஊர் பேசாத இந்த நிலை அடியைவிடக் கொடியது.

அடுத்த முறை சத்தம் கேட்டால் கதவைத் தட்டுங்கள். தனியாகப் போகாதீர்கள், இன்னும் இரண்டு வீட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நியாயம் பேச வேண்டாம். குடித்திருப்பவனிடம் நியாயம் எடுபடாது. "கொஞ்சம் உப்பு வேணும்", "பாப்பாவுக்குக் காய்ச்சல், ஒரு எட்டு வந்து பாரு" என்று அவளை வெளியே அழைக்க ஏதாவது ஒரு காரணம் போதும். கதவு தட்டப்படுகிறது என்பதே பல சமயம் ஓங்கிய கையை இறக்கிவிடும். அன்றிரவு அவளும் பிள்ளைகளும் உங்கள் வீட்டில் படுத்துக்கொள்ளட்டும்.

மறுநாள் அவன் வேலைக்குப் போன பிறகு அவளிடம் தனியாகப் பேசுங்கள். "ஏன் பொறுத்துக்கொண்டிருக்கிறாய்" என்று கேட்காதீர்கள். "எனக்குக் கேட்கிறது, நான் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். போடியிலோ கம்பத்திலோ பெற்றோர் இருந்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முன்வாருங்கள்.

உங்கள் மகன் பயப்படுவதற்கும் ஒரு பதில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி, வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காக அவர்மீது உரிமையியல் பொறுப்போ குற்றப் பொறுப்போ வராது. பாதிக்கப்பட்டவள்தான் வந்து புகார் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் பஞ்சாயத்தில், பெண்கள், குழந்தைகள் மீதான கொடுமைகளைக் கவனிக்கும் ஜாக்ரதா சமிதி இருக்கும். வார்டு மெம்பரிடம் சொன்னால் அங்கே எடுத்துச் செல்வார். பெண்களுக்கான உதவி எண் 181. தமிழில் பேசத் தயங்க வேண்டாம். பிள்ளைகள் மீதும் கை ஓங்கினால் 1098. அரிவாளோ கட்டையோ கையில் இருப்பதைப் பார்த்தால் கதவைத் தட்டப் போகாதீர்கள். உடனே 112க்கு அழைத்து, லயத்தின் பெயர், டிவிஷன், வீட்டு எண் மூன்றையும் சொல்லுங்கள். தோட்டத்துக்குள் வழி தெரியாமல் போலீஸ் வண்டி சுற்றி வரும் என்பதால், ரோட்டு முனையில் டார்ச்சோடு ஒருவரை நிற்கச் சொல்லுங்கள்.